அடுப்படிப் பக்கம் கட்டிய படகு

வீட்டுக்காரியின் கை படாத இடமாகப் பார்த்து ஒரு படகைக் கட்டி வைக்க வேண்டுமென்றால், எங்கே கட்டுவீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். கிள்ளான் அய்யாவு யோசிக்காத யோசனையா? சாப்பிடும்போது யோசித்தார், ரசத்தில் மோரை ஊற்றிக்கொண்டார். குளிக்கும்போது யோசித்தார், ஒரே காலுக்கு இரண்டு தரம் சோப்புப் போட்டார். வேலை முடிந்து ரயிலில் வரும்போது யோசித்தார்; கிள்ளானைத் தாண்டி பத்து தீகா ஸ்டேஷனில் போய் இறங்கி, திரும்பி வரும் வண்டிக்குக் காத்திருந்தபடி அங்கேயும் யோசித்தார்.

அய்யாவு போர்ட் சுவெட்டன்ஹாம் சரக்குக் கோதாமில் கணக்கெழுதும் கிராணி. மலையடித் தோட்டத்திலிருந்து வேலை மாறி வந்த புதிது. கிள்ளான் ஆற்றங்கரையில், பாலத்துக்கு வெகு கீழே, ஒரு மலாய்க்காரர் விட்டுப்போன பலகை வீட்டில் குடியிருந்தார். வீட்டின் பாதி கரையில் நிற்கும். மீதிப் பாதி கட்டைக் கால் ஊன்றி ஆற்றுக்குள் நிற்கும். முன்புறம், ஆற்றில் இறங்கப் படி வைத்த சின்னத் துறை. பின்புறம் அடுப்படி. அடுப்படிக் கதவைத் திறந்தால் ஆற்றுக்கு மேலே ஒரு பலகைத் தளம். அங்கே உட்கார்ந்துதான் அவர் மனைவி பவுனம்மாள் பாத்திரம் துலக்குவாள். அந்தப் பின்புறம் அய்யாவு அதுவரை காலடி வைக்காத சீமை. சாம்பார் வாசனை வருகிற திசை என்ற அளவில்தான் அவருக்கு அது பழக்கம்.

வீட்டோடு ஒரு சம்பானும் கிடைத்தது. மூன்று பேர் உட்காரலாம். ஒருவர் துடுப்புப் போடலாம். கவிழ்ந்து கிடந்த அந்தப் படகைப் பார்த்த அன்றே அய்யாவு சபதம் எடுத்துவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில், கூட வேலை செய்யும் கந்தப்பு, ஆற்றுக் காற்று, மௌனம். இந்த நாலையும் தவிர வேறெதுவும் அந்தப் படகில் ஏறக்கூடாது. முக்கியமாக நாலாவதைக் கெடுக்கிற எதுவும் ஏறக்கூடாது.

பவுனம்மாளுக்கும் அந்தப் படகின் மேல் ஒரு கண். அவள் தங்கை ராஜம்மா அக்கரையில் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். தாயில்லாத பெண். பத்தியம் பார்த்துச் சமைத்துக் கொடுக்க அக்காளை விட்டால் நாதியில்லை. பூண்டுக் குழம்பும் சுடுசோறும் எடுத்துக்கொண்டு, ஒரு வயது மகள் ரமணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பாலம்வரை நடந்து, பாலத்தைக் கடந்து, மறுபடி அத்தனை தூரமும் கீழே நடந்து வந்தால்தான் தங்கை வீடு. இங்கிருந்து பார்த்தால் ராஜம்மா வீட்டுக் கொடியில் காயும் துணி தெரியும். நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்தத் துணி காய்ந்து, மடித்து, பெட்டிக்குள் போய்விடும்.

"ஏங்க, சோறு போய்ச் சேர்றப்போ சில்லுனு ஆயிடுது. பச்சை உடம்புக்காரி எப்படித் தின்னுவா? படகிலே போனா ஆவி அடங்கறதுக்குள்ளே போயிடலாம்" என்றாள்.

"ஆத்திலே முதலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை முதலைக்கு லீவுங்களா?"

பதில் வராத இடத்தில் அய்யாவு குரலை உயர்த்துவது வழக்கம். படகு ஆம்பளைச் சமாச்சாரம், பொம்பளை ஏறினால் ஊர் சிரிக்கும் என்று உயர்த்தினார். ஊர் சிரிப்பது பற்றி அவருக்கு உண்மையில் கவலையில்லை. இன்று பத்தியச் சட்டி ஏறும். நாளைக்கு விறகு ஏறும். அடுத்து அரிசி மூட்டை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் "ஏங்க, பாசார் வரைக்கும் ஒரு நடை" என்று ஆரம்பிக்கும். மீன் பிடிக்கப் போனவன் மீன் வாங்கப் போகிற கதையாகிவிடும். அதுதான் அவர் கவலை.

முதலில் சங்கிலி போட்டுப் பூட்டலாம் என்று ஒரு பூட்டு வாங்கினார். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டை அழுக்குக்குப் போயிற்று. மாலையில் பார்த்தால் அந்தச் சாவி, அரிசிப் பெட்டிச் சாவி, டிரங்குச் சாவி, கோழிக்கூட்டுச் சாவி எல்லாவற்றோடும் பவுனம்மாளின் இடுப்பில் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "பத்திரமா இருக்குங்க" என்றாள். அந்த வீட்டில் சாவி என்று பிறந்துவிட்டால் அது போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். பூட்டு யோசனை அன்றோடு போயிற்று.

அப்போதுதான் கந்தப்பு கைகொடுத்தார். கந்தப்பு யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலேறி வந்தவர். ஆகவே கடல் சம்பந்தமான எல்லாமும் தமக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். கப்பலில் வந்த நாளெல்லாம் வாந்தி எடுத்தார். வாந்தி எடுக்காத நேரத்தில் கப்பல்காரர்கள் கயிறு கட்டுவதைப் பார்த்தார்.

"பூட்டும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம் காணும். ரெண்டு இரும்புக் கொம்பு அடிச்சுவிடும். கயித்தை நான் காட்டுற மாதிரிச் சுத்திவிட்டால் மனிசி என்ன, மந்திரவாதி வந்தாலும் அவிழ்க்கேலாது" என்றார்.

இருவரும் கிள்ளான் கடைத்தெருவில் கப்பல் சாமான் விற்கும் சீனர் கடைக்குப் போனார்கள். அய்யாவுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு படபடப்பு இல்லை. கடைக்காரத் தவுக்கே மூன்று தினுசு எடுத்துப் போட்டார். எல்லாம் ஒரே ஜாடைதான்: அடியில் இரண்டு கால், மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, கயிற்றை மாற்றி மாற்றிச் சுற்ற. ஒன்று மரம். ஒன்று பித்தளை. ஒன்று இரும்பு. மரம் சின்னதாக இருந்தது. அய்யாவுக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. பித்தளை பளபளத்தது, பவுனம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் துலக்கிப் பொட்டு வைத்துவிடுவாள், பிறகு அது சாமியாகிவிடும், அதில் படகு கட்டமுடியாது. ஆகவே இரும்பு. இரும்பிலும் எது என்று தவுக்கே கேட்டார். படகு எத்தனை நீளம், கயிறு எத்தனை தடிப்பு, அதற்குத் தக்கபடிதான் கொம்பு எடுக்கவேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். அய்யாவு கடையிலேயே பெரியதாக இரண்டைத் தூக்கிக்கொண்டார். அந்தக் கொம்பில் சிங்கப்பூர்க் கப்பலைக் கட்டினாலும் கப்பல் அசையாது. தவுக்கே வாசல்வரை கூடவே வந்து, ஆணி அடிக்காதே, உத்திரத்தில் துளை போட்டு அடியில் நட்டை முடுக்கு, தண்ணீர் இறங்கும்போது படகும் இறங்கும், கயிற்றைத் தாராளமாக விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் பாதி அய்யாவின் காதில் விழுந்தது. மறுபாதி சொன்னபோது அவர் கொம்பை வெயிலில் தூக்கிப் பிடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எங்கே போடுவது என்பதுதான் பாக்கி. பவுனம்மாளே வழி காட்டினாள்.

"முன்பக்கத் துறையிலேயே போட்டுடுங்க. படி இருக்கு. பிள்ளையை இடுப்பிலே வச்சுக்கிட்டு இறங்க எனக்கு வசதியா இருக்கும்."

அய்யாவின் மூளையில் அந்த நொடியே விளக்கு எரிந்தது. ஒரு மாதம் யோசித்துக் கிடைக்காத இடம். படியில்லாத பக்கம் எது? அடுப்படிப் பக்கம். அங்கேதான் போடப்போகிறேன் என்றார்.

பவுனம்மாள் முகம் வாடிற்று. பின்னால் வேண்டாம், அங்கே இறங்க ஒரு பிடிகூடக் கிடையாது, தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்ச அய்யாவுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடிற்று. கல்யாணமான நாளிலிருந்து இப்படி அவள் தோற்று அவர் பார்த்ததில்லை. அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகவே சாப்பிட்டார்.

வீட்டில் இரும்பு இறக்குவது என்றால் நாள் பார்க்காமல் முடியுமா? பஞ்சாங்கத்தைப் பவுனம்மாளிடமே கொடுத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த படிப்புக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே உபயோகம் அதுதான். அவள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தாள். வருகிற ஞாயிறு பௌர்ணமி. சூரியோதயத்துக்கு நல்ல நேரம். அதைவிட்டால் இப்போதைக்கு வேறு நாள் சரியில்லை. அய்யாவு தலையாட்டினார்.

ஞாயிறு விடியலில் அடுப்படிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது. பலகைத் தளத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. தம் வீட்டுப் பின்னால் இப்படியொரு சமுத்திரம் இருப்பது தெரியாமல் இத்தனை நாள் அசந்து தூங்கிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

வேலை ஆரம்பமாயிற்று. துறப்பணம் போட்டு உத்திரத்தில் துளைத்தார். போல்ட்டை மேலிருந்து இறக்கி, அடியில் நட்டுப் பிடிக்கவேண்டும். அடியில் என்றால் தண்ணீரில். அய்யாவு இறங்கி, தூணைக் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நட்டைப் பிடித்துக்கொண்டார். மேலே உட்கார்ந்து ஸ்பானரால் முறுக்கியது பவுனம்மாள்.

"முதலை வருதான்னு நான் பார்த்துக்கறேன். நீங்க நட்டைப் பாருங்க" என்றாள்.

அய்யாவு நட்டைப் பார்க்கவில்லை. இரண்டு கொம்பும் மலைபோல் உட்கார்ந்தன. பிற்பாடு கோதாமில் யார் கேட்டாலும், தாம் ஒற்றை ஆளாய் நின்று போட்ட கொம்பு என்றே அய்யாவு சொன்னார்.

படகைக் கொண்டுவந்து கட்டினார். கந்தப்பு காட்டிய ரகசிய முடிச்சு: அடியில் ஒரு சுற்று, கொம்புக்குக் கொம்பு குறுக்காக மாற்றி மாற்றி, கடைசிச் சுற்றைத் தலைகீழாகத் திருப்பி ஒரு இழுப்பு. மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போட்டார். அவள் ஓரமாக உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். கயிற்றை இழுத்து, தோட்டத்தில் மாடு கட்டுகிற மாதிரி குட்டையாகக் கட்டினார். படகு அசையமுடியாமல் நின்றது. கந்தப்புவிடம் பெருமையடிக்க அப்போதே கிளம்பிப் போனவர், விளக்கு வைத்தபின்தான் வீடு திரும்பினார்.

அதற்கப்புறம் அந்த வாரம் அய்யாவின் வாரம். காலையில் இருட்டோடு ரயிலுக்குப் போனார். மாலையில் விளக்கு வைத்தபின் வந்தார். வந்ததும் கையில் விளக்கோடு அடுப்படியைத் தாண்டிப் போய், கொம்பைத் தடவிப் பார்ப்பார். முடிச்சு அவர் போட்டபடியே இருக்கும். கடைசிச் சுற்றின் தலைகீழ்கூட மாறியிருக்காது. கீழே இருட்டு. கீழே எதற்குப் பார்க்கவேண்டும்? தங்கைக்குச் சோறு ஆறிப்போகிறது என்று குறை சொல்வதையும் பவுனம்மாள் விட்டுவிட்டாள். கால் வலி என்று ஒரு வார்த்தை இல்லை. ராஜம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒருநாள் பெருந்தன்மையோடு அவரே கேட்டார். தேறிவிட்டாள், சோறு நன்றாக இறங்குகிறது என்றாள். நடக்க நடக்கப் பழகிவிடும் என்று அய்யாவு நினைத்துக்கொண்டார். வீட்டில் எங்கேயோ பூண்டு வாசனை அடித்தது. பத்தியம் சமைக்கிற வீட்டில் பூண்டு வாசனை அடிக்காமல் பன்னீரா மணக்கும்?

பெருமை தாங்காமல் கோதாமில் பெரிய கிராணி வீரசிங்கத்திடமே சொல்லிவிட்டார். வீரசிங்கம் சிரிக்காத மனிதர். அவர் சட்டைக் காலரே ஒரு உத்தரவு மாதிரி இருக்கும். அவரே ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படியென்றால் இந்த ஞாயிறு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அய்யாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பெரிய கிராணியைப் படகில் ஏற்றி, ஆற்று முகத்துக்குக் கொண்டுபோய், மீனோடு திரும்பிவிட்டால் கோதாமில் தம்மை அசைக்க ஆள் இல்லை.

ஞாயிறு பொழுது புலர்கிற நேரத்தில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வீரசிங்கம் தொப்பியும் தூண்டிலும். கந்தப்பு தூண்டிலும், வாந்திக்கு எலுமிச்சம்பழமும். அய்யாவு அவர்களை அடுப்படி வழியாக அழைத்துப்போய், கதவைத் திறந்து, மாப்பிள்ளையைக் காட்டுகிற தகப்பனைப் போலக் கையை நீட்டினார்.

சமுத்திரத்தைக் காணோம்.

பலகைத் தளத்துக்குக் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், கறுப்புச் சேறு. சேற்றின் நடுவில் படகு ஒருக்களித்துப் படுத்திருந்தது, உச்சி வெயிலில் எருமை படுப்பதுபோல. ஆறு அதற்கு அப்பால், அவமானத்தோடு ஒதுங்கிப் போகிறவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. படகின் விளிம்பில் ஒரு சேற்றுமீன் ஏறி உட்கார்ந்து மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. அன்று அவர்கள் பார்த்த மீன் அது ஒன்றுதான்.

வீரசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் எதுவும் ஆகலாம் என்று அய்யாவுக்குத் தெரியும். ஒரு தள்ளுத் தள்ளினால் ஆற்றில் இறங்கிவிடும் சார் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூணைப் பிடித்துச் சறுக்கி இறங்கிவிட்டார். முதல் அடியில் கணுக்கால் போயிற்று. இரண்டாவது அடியில் முழங்கால். மூன்றாவது அடி எடுத்து வைக்கக் கால் கிடைக்கவில்லை. இரண்டும் தொடைவரை உள்ளே இருந்தன. அசைய அசையச் சேறு அவரை இன்னும் பிரியமாக அணைத்துக்கொண்டது.

கந்தப்பு மேலே நின்று கப்பல் அனுபவத்தை யோசித்தார். சேற்றில் மனிதரை இறக்கியதும் இல்லை, ஏற்றியதும் இல்லை. அப்போது ரமணியை வீரசிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் பவுனம்மாள் வந்தாள். தளத்தில் சுருட்டி வைத்திருந்த கயிற்றின் ஒரு நுனியைப் புருஷனுக்கு வீசினாள். இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். மறுநுனியைக் கொம்பில் போட்டு, அடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கந்தப்புவிடம் கொடுத்து, நீங்க இழுக்க இழுக்க நான் இங்கே பிடித்துக்கொள்கிறேன் என்றாள். கந்தப்பு இழுத்தார். அவள் கொம்பில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அங்குலம் அங்குலமாக அய்யாவு மேலே வந்தார். ஒரு இடத்தில் கந்தப்பு மூச்சு வாங்க நின்றார். பவுனம்மாள் சும்மா, பேச்சோடு பேச்சாக, கொம்புக்குக் கொம்பு குறுக்காக மாற்றிப் போட்டு, கடைசிச் சுற்றைத் தலைகீழாகத் திருப்பி ஒரு இழுப்பு இழுத்தாள். அய்யாவு பாதி வழியில் தொங்கியபடி அதைப் பார்த்தார்.

"கொம்பு நல்ல உறுதியாய்த்தான் போட்டிருக்கிறீர்" என்றார் வீரசிங்கம் மேலிருந்து. பாராட்டுத்தான். வாங்கிக்கொள்ளும் நிலையில் அய்யாவு இல்லை.

சேறு சொட்டச் சொட்ட அவர் தளத்தில் வந்து விழுந்ததும் கந்தப்பு முடிச்சைக் குனிந்து பார்த்தார். பிறகு அய்யாவைப் பார்த்தார். இது நான் இவருக்கு மட்டும் காட்டின முடிச்சல்லோ, நீர் எங்கை படிச்சனீர் என்று பவுனம்மாளையே கேட்டார்.

"என்னண்ணே, இதுக்குப் படிப்பு வேறயா? தினம் தலை பின்னுறவளுக்கு இது தெரியாதா? பின்னலிலே மூணு கால், இதிலே ஒண்ணுதானே" என்றாள்.

வந்தவர்களுக்கு இட்டிலியும் சட்னியும் காப்பியும் கொடுத்தாள். ரமணி பெரிய கிராணியின் காலரைப் பிடித்துக் கசக்கியது. யாரும் செய்யத் துணியாத காரியம். வீரசிங்கம் அதற்குச் சிரித்தேவிட்டார். சேறு காய்ந்துபோய்ச் சிலை மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்த அய்யாவிடம், உம்முடைய மனிசியின் சட்னிக்காக அடுத்த ஞாயிறும் வருகிறேன், படகு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் அய்யாவு கேட்டார்.

"தண்ணி எங்கேடி போச்சு?"

"கடலுக்குப் போச்சு. வரும். பௌர்ணமி அன்னிக்கு விடியக்காலம் கரைபுரண்டு நிக்கும். அப்புறம் நாளுக்கு நாள் நேரம் தள்ளிப் போகும். இன்னிக்கு உச்சிப்பொழுதுக்குத்தான் ஏறும். பௌர்ணமின்னு உங்களுக்குப் படிச்சுக் காட்டினேனே. நான் பாத்திரம் துலக்குற இடங்க இது. தண்ணி வர்ற நேரம் போற நேரம் தெரியலேன்னா என் வாணலி இந்நேரம் பினாங்குக்குப் போயிருக்கும்."

"அப்ப இந்த வாரம் பூரா..."

"மீன் விக்க வர்ற மலாய்க்காரம்மா துடுப்புப் போடச் சொல்லிக் குடுத்தா. முதல் நாளே அவுக்க வேண்டியதாப் போச்சு. நீங்க மாடு கட்டுற மாதிரி குட்டையாக் கட்டிட்டுப் போயிட்டீங்க. தண்ணி இறங்க இறங்கப் படகு கொம்பிலே தொங்குது. பாவம்னு கயித்தை நீளமா விட்டேன். விட்டது விட்டேன், அக்கரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்தேன்."

"முன்பக்கம் வேணும்னு அன்னிக்கு அப்படிக் கெஞ்சினியே."

"முன்பக்கம் எனக்கு எதுக்குங்க? நாலு பேர் பார்க்க, கையிலே சட்டியோட படியிறங்கணும். இங்கே தண்ணி ஏறினா படகு அடுப்படித் தரைக்குச் சமமா வந்து நிக்குது. அடுப்பிலேருந்து இறக்கினதை அப்படியே படகிலே வச்சுடறேன்."

அய்யாவு ஆற்றைப் பார்த்தார். அவள் சொன்னபடியே தண்ணீர் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. படகு சேற்றிலிருந்து தலையைத் தூக்கிற்று. ஆடிற்று. எழுந்தது. வளர்த்த கன்றுக்குட்டி மாதிரி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றது. அவர் சேறு கழுவிக் குளித்து முடிப்பதற்குள் பவுனம்மாள் குழம்பை இறக்கிவிட்டாள். ரமணியைச் சேலைத் தலைப்பால் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆவி பறக்கும் சட்டியைப் படகில் வைத்தாள். தானும் பக்கத்து அறைக்குள் போகிறவள் மாதிரிப் படகில் ஏறி உட்கார்ந்தாள். ரகசிய முடிச்சை எட்டி ஒரே கையால் உருவிவிட்டாள்.

துடுப்பை ஊன்றித் தள்ளினவள், ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். ஈரத் துண்டோடு நின்ற புருஷனைப் பார்த்து, பாராட்டுகிற குரலில் சொன்னாள்:

"ஏங்க, ராஜம்மா வீட்டுத் துறையிலே கயிறு கட்ட ஒண்ணுமே இல்லீங்க, தென்னமரத்திலே கட்ட வேண்டியிருக்கு. இதே மாதிரி ரெண்டு கொம்பு வாங்கிட்டு வந்து, அடுத்த ஞாயித்துக்கிழமை அங்கேயும் போட்டுக் குடுங்களேன்."